புளிப்பைக் காக்கிற வேலை: ஷொம்லோ மலை அனுபவங்கள்

ஷொம்லோவுக்கு ஒயின் வாங்க வருகிறவர்கள் பெரும்பாலும் ஒரே கேள்வியோடு வருவார்கள்: "இதில் எரிமலை ருசி எங்கே இருக்கிறது?" நான் நிலவறையில் வேலை பார்த்த காலத்தில் இதற்கு விதவிதமான பதில்களைக் கேட்டிருக்கிறேன். உப்பு என்பார் ஒருவர், மழையில் நனைந்த கல் என்பார் இன்னொருவர், சிக்கிமுக்கிக் கல் உரசிய வாசனை என்பார் மூன்றாமவர். நாக்கில் தட்டுகிற விஷயம் உண்மைதான், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் கல் எப்படி ஒயினுக்குள் வருகிறது என்பதை அந்த மலையில் கை வைத்து வேலை செய்தபோதுதான் புரிந்துகொண்டேன். பழம் பறிக்கிற நாளிலிருந்து பாட்டிலில் அடைக்கிற நாள் வரை எங்கள் வேலை முழுவதையும் அந்தக் கல்தான் தீர்மானித்தது.

ஷொம்லோ மேற்கு ஹங்கேரியில், வெஸ்ப்ரேம் மாவட்டத்தில், பாலட்டோன் ஏரிக்கு வடமேற்கே இருக்கிறது. சுற்றிலும் சமவெளி, நடுவில் 430 மீட்டர் சொச்சம் உயரத்தில் உச்சி தட்டையான ஒற்றை மலை. ஒரு காலத்தில் இந்தப் பக்கமெல்லாம் பன்னோனிய ஏரி. அது தூர்ந்துபோய் மணலும் களிமண்ணும் மிஞ்சின. சில பத்து லட்சம் ஆண்டுகளுக்கு முன்பு அதன்மேல் எரிமலைக் குழம்பு பரவி இறுகிப் பசால்ட் பாறையானது. அப்புறம் காற்றும் மழையும் சுற்றியிருந்த மண்ணையெல்லாம் அரித்துக்கொண்டு போக, பசால்ட் மூடியிருந்த இடம் மட்டும் அப்படியே நின்றுவிட்டது. பாலட்டோன் கரையில் இருக்கிற பதச்சோனி மலையும் இதே வகைதான். ஆக, 'எரிமலை மண்' என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிட்டாலும் கொடிகளின் காலடியில் இரண்டு உலகம் இருக்கிறது. மேல் சரிவில் மண்வெட்டி இறங்காது, கல்லில் பட்டு 'ணங்' என்று திரும்பும். கீழே இறங்க இறங்கக் கல் குறைந்து, களியும் மணலும் கூடிக்கொண்டே வரும்.

ஒரே ரகத் திராட்சையை மேல் துண்டு நிலத்திலிருந்தும் கீழ்த் துண்டு நிலத்திலிருந்தும் தனித்தனிப் பீப்பாயில் வைத்து ருசித்துப் பார்த்தால் வித்தியாசம் பளிச்சென்று தெரியும். கீழிருந்து வந்தது சதைப்பற்றாக, சட்டென்று பழகிவிடுகிற மாதிரி இருக்கும். மேலிருந்து வந்தது முதல் வருடத்தில் வாயை இறுக்கிப் பிடிக்கும். காரணம் பெரிய மர்மமில்லை. கறுப்புக் கல் பகலில் சூடேறி, இருட்டிய பிறகும் அந்தச் சூட்டைக் கொஞ்சம் கொஞ்சமாக விடுகிறது. செப்டம்பர் சாயங்காலம் கல் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தால் முதுகில் அந்தச் சூடு தெரியும். பசால்ட் மக்கினால் களிமண்ணாகும், அந்தக் களி கோடையிலும் கொஞ்சம் ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். ஆக, கொடி பட்டினியும் கிடக்காது, கொழுத்தும் போகாது. மலை தனியாக நிற்பதால் காற்று எந்நேரமும் அடித்துக்கொண்டே இருக்கும், இரவில் குளிரும். சூடு சர்க்கரையை ஏற்றுகிறது, குளிர்ந்த இரவு புளிப்பைக் காப்பாற்றுகிறது. இரண்டும் ஒரே பழத்தில் சேர்ந்து வருவதுதான் ஷொம்லோவின் கொடை.

ரகங்களும் அதற்குத் தோதானவை. ஃபுர்மிண்ட், ஹார்ஷ்லெவெலு, ஓலஸ்ரிஸ்லிங் எல்லாம் ஹங்கேரியில் வேறு இடங்களிலும் உண்டு. யூஃபார்க் என்கிற ரகத்துக்கு மட்டும் ஷொம்லோதான் வீடு. குலை நீளமாக, உருளையாக, நுனியில் லேசாக வளைந்திருக்கும். இதை வைத்து ஒரு பழங்கதையும் உண்டு: ஹாப்ஸ்பர்க் அரச குடும்பத்தில் ஆண் வாரிசு வேண்டி முதலிரவில் ஷொம்லோ ஒயின் குடிப்பார்களாம். சுற்றுலாப் பயணிகளுக்கு இந்தக் கதை ரொம்பப் பிடிக்கும். எனக்கு அந்தக் குலையைக் கையில் எடுத்துப் பார்ப்பதுதான் பிடிக்கும். மணிகள் ஒன்றோடு ஒன்று நெருக்கிக்கொண்டு, இடையில் ஊசி நுழைய இடமில்லாமல் இருக்கும். அழகு அதில்தான், ஆபத்தும் அதில்தான். மழை பெய்து மணிகள் பருத்தால் உள்ளே எங்கோ ஒன்று வெடிக்கும். வெளியிலிருந்து பார்த்தால் குலை சுத்தமாக இருக்கும். கட்டை விரலால் நடுவில் பிளந்து மூக்கருகே கொண்டு போக வேண்டும். லேசாகக் காடி வாசனை வந்தால் அந்தப் பகுதியைக் கத்தரித்துப் போட்டுவிட வேண்டியதுதான். கிரேட்டுக்குள் ஒரு கெட்ட குலை போனால் போதும், சாறு முழுக்க அதன் வாசனை ஏறிவிடும். நிலத்துக்குச் சொந்தக்காரரான பெரியவர், நாங்கள் எல்லோரும் பாச்சி என்று கூப்பிடுவோம், பறிக்கிறவர்களுக்குச் சொல்வது ஒன்றுதான்: "வேகம் வேண்டாம், மோந்து பாருங்கள்."

என்றைக்குப் பறிப்பது என்பதுதான் வருடத்தின் பெரிய முடிவு. ஹங்கேரியில் சர்க்கரையை மஸ்ட் டிகிரியில் சொல்வார்கள், அதாவது 100 கிராம் சாற்றில் எத்தனை கிராம் சர்க்கரை என்பது. 19, 20 வந்தால் நல்ல முழுமையான உலர் ஒயினுக்கு, அதாவது இனிப்பு மிஞ்சாத ஒயினுக்கு, போதும். ஆனால் பாச்சி கருவியை நம்புவதற்கு முன் பழத்தை மென்று, கொட்டையைக் கடித்துப் பார்ப்பார். கொட்டை பழுப்பாகி, கடித்தால் நொறுங்க வேண்டும். பச்சையாக இருந்தால் சர்க்கரை எவ்வளவு ஏறியிருந்தாலும் காத்திருப்பார். இன்னொரு பக்கம் புளிப்பு இறங்கிக்கொண்டே வரும். பழத்தில் இருக்கிற மாலிக் அமிலம் வெதுவெதுப்பான இரவுகளில் வேகமாகக் கரைகிறது. லிட்டருக்கு 8 கிராம் அமிலம் இருக்கும்போது பறித்தால் ஒயின் பத்து வருடம் நிற்கும். மழை வருமென்று வானிலை அறிக்கை சொன்னால் இந்தக் கணக்கெல்லாம் ஒரே நாளில் மாறும். அக்கம்பக்கத்தில் எல்லோரும் பறித்து முடித்த பிறகும் ஒரு துண்டு நிலத்தை மட்டும் விட்டு வைப்பதற்கு நெஞ்சில் தைரியம் வேண்டும். ஸ்டார்லிங் பறவைகள் கூட்டமாக வந்து இறங்கினால் காலையில் இருந்த குலை மத்தியானம் இருக்காது.

பாச்சி 2010 அறுவடையைப் பற்றிப் பேசும்போது மட்டும் குரல் மாறும். அந்த வருடம் ஓயாத மழை. போதாததற்கு அக்டோபர் 4-ஆம் தேதி, ஆய்க்கா அருகே அலுமினாத் தொழிற்சாலைக் கழிவு தேங்கியிருந்த அணை உடைந்து சிவப்புச் சேறு கொலொன்டார், டெவெச்செர் ஊர்களுக்குள் புகுந்தது. பத்துப் பேர் இறந்துபோனார்கள். மலையடிவாரத்து ஷொம்லோவாஷார்ஹெய் வரைக்கும் அந்தச் சேறு வந்தது. திராட்சைத் தோட்டங்கள் மலைச் சரிவில் இருந்ததால் சேறு அவற்றைத் தொடவில்லை. அப்படியிருந்தும் "உங்கள் ஒயின் குடிக்கலாமா?" என்று வெகுநாள் கேட்டுக்கொண்டிருந்தார்களாம். ஒரு நிலத்தின் பேரை வைத்துப் பிழைக்கிறவர்களுக்கு அந்தக் கேள்வி எவ்வளவு வலித்திருக்கும் என்று அவர் முகத்தைப் பார்த்தால் தெரியும்.

பழம் வந்த பிறகு வேலை ஓட்டம்தான். வெள்ளை ஒயினில் தோலை வெகுநேரம் சாற்றோடு வைப்பதில்லை. மெதுவாகப் பிழிந்து, சாற்றைக் குளிரில் ஓர் இரவு விட்டால் கசடு அடியில் தங்கும். தெளிந்த சாற்றை மட்டும் பழைய ஓக் பீப்பாய்க்கு மாற்றுவோம். பழைய பீப்பாய் என்பது முக்கியம். பல வருடம் ஒயின் குடித்த மரத்தில் வாசனை தீர்ந்திருக்கும், அது ஒயினுக்கு மூச்சு விட மட்டும் இடம் கொடுக்கும். சில நாளில் ஈஸ்ட் தானாகவே கிளம்பும். பீப்பாயில் காதை வைத்தால் உள்ளே மழை பெய்கிற சத்தம் கேட்கும்.

அந்த வாரங்களில் நிலவறைக்குள் நுழைவதற்கே ஒரு முறை உண்டு. ஒரு லிட்டர் சாறு நொதித்தால் 40 லிட்டருக்கு மேல் கரியமில வாயு வெளிவரும். அது காற்றைவிடக் கனமானது, தரையோடு தேங்கும், கண்ணுக்குத் தெரியாது. பாச்சியின் தலைமுறை மெழுகுவர்த்தி ஏற்றி, முழங்காலுக்குக் கீழே பிடித்தபடி படியிறங்கும். சுடர் அணைந்தால் திரும்பி ஓட வேண்டும். இதை ஒரு அழகான பழக்கமாகப் படம் பிடிப்பவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம் வரும். சுடர் அணைகிற அளவுக்கு வாயு சேர்ந்துவிட்டால் மனிதனுக்கு அது ஏற்கெனவே ஆபத்தான அளவு. ஹங்கேரியில் இலையுதிர் காலத்தில் நிலவறைச் சாவுகள் செய்தியில் வருவது அபூர்வமில்லை. மயங்கி விழுந்தவரைத் தூக்கப் போன இரண்டாவது ஆளும் அங்கேயே விழுந்துவிடுகிறார். காற்றோட்ட விசிறியும் வாயு அளக்கிற கருவியும் இல்லாத நிலவறையில் யாரும் இறங்கக் கூடாது. எங்கள் நிலவறையில் இரண்டும் இருந்தன. அப்படியும் தனியாக இறங்குவதில்லை, மேலே ஒருவர் நிற்பார்.

நொதித்து அடங்கிய பிறகு வருகிற மாதங்கள்தான் எனக்குப் பிடித்தவை. வாரம் ஒரு முறை ஒவ்வொரு பீப்பாயையும் வாய்வரை நிரப்ப வேண்டும். மரம் வழியே ஒயின் கொஞ்சம் கொஞ்சமாக ஆவியாகும், அந்த இடத்தில் காற்று புகுந்தால் ஒயின் கெடும். 'லோபோ' என்று ஒரு கண்ணாடிக் குழல் உண்டு, மேலே குடுவை மாதிரி உப்பியிருக்கும். பீப்பாய்க்குள் விட்டு வாயால் உறிஞ்சி, மேல் துளையைக் கட்டை விரலால் அடைத்து, கிளாஸில் விட வேண்டும். டிசம்பரில் யூஃபார்க்கை அப்படி எடுத்துக் குடித்தால் தாடை கூசும். புதிதாக வருகிறவர்கள் எல்லோருக்கும் கை பரபரக்கிற நேரம் இது. சுண்ணாம்பு உப்பு சேர்த்துப் புளிப்பைக் குறைக்கலாம், பாக்டீரியாவை விட்டு மாலிக் அமிலத்தை மென்மையான லாக்டிக் அமிலமாக மாற்றலாம். பலர் செய்கிறார்கள், தவறொன்றும் இல்லை. பாச்சி செய்வதில்லை. அடிவண்டலோடு ஒயினை அப்படியே விட்டுவிடுவார். செத்த ஈஸ்ட் மெதுவாகக் கரைந்து ஒயினுக்குக் கொஞ்சம் உடம்பு கொடுக்கும். புளிப்பு குறையாது, ஆனால் அதன் கூர்மை உள்ளே அமுங்கும். அடுத்த இலையுதிர் காலத்தில் அதே பீப்பாயைத் திறந்தபோது, முன்பு எரிச்சலாக இருந்ததை இன்னொரு கிளாஸ் கேட்கத் தோன்றியது.

கல் ஒயினுக்குள் வருகிற வழியைக் கண்ணால் பார்த்தது குளிர்காலத்தில்தான். காலியான பீப்பாயைக் கழுவும்போது உள்சுவரில் கண்ணாடித் தூள் போல ஒரு படிவம் மின்னும். சுரண்டினால் பாளம் பாளமாக வரும். கொடி மண்ணிலிருந்து உறிஞ்சிய பொட்டாசியமும் பழத்தின் டார்டாரிக் அமிலமும் குளிரில் சேர்ந்து படிந்த உப்பு அது. மண்ணின் தாதுவைக் கையில் தொட முடிகிற இடம் இதுதான். அதுவும் ஒயினை விட்டு வெளியேறிச் சுவரில் ஒட்டிக்கொண்ட பிறகு! ஒயினில் கரைந்து மிஞ்சுகிற தாது உப்புகள் பெரும்பாலும் நாக்கு தனியாகக் கண்டுபிடிக்க முடியாத அளவு. நாம் உப்பு என்று உணர்வதில் புளிப்புக்கும், இனிப்பே இல்லாத வறட்சிக்கும், ஈஸ்ட் உண்டாக்குகிற சக்சினிக் அமிலத்துக்கும் பங்கு உண்டு; அந்த அமிலத்துக்கே லேசான உப்பும் கசப்பும் கலந்த ருசி.

'எரிமலை ஒயின்' என்று எல்லாவற்றையும் ஒரே கூடையில் போடுவதும் எனக்கு உடன்பாடில்லை. ஹங்கேரியின் வடகிழக்கில் இருக்கிற டொக்காயும் எரிமலை நிலம்தான். ஆனால் அங்கே இருப்பது பெரும்பாலும் ரயோலைட் சாம்பல் பாறையும் ஆண்டெசைட்டும். வெளிறியவை, சிலிக்கா அதிகம், ஷொம்லோவின் பசால்ட்டைவிட வயதில் மிக மூத்தவை. டொக்காய் மலையின் சரிவில் காற்று கொண்டுவந்து சேர்த்த லோயஸ் மண்ணும் கனமாகப் படிந்திருக்கிறது. ஃபுர்மிண்ட் இரண்டு ஊரிலும் விளைகிறது. டொக்காயில் ஆற்றோர மூடுபனியில் பூஞ்சை பிடித்து, உலகப் புகழ்பெற்ற இனிப்பு ஒயினாகிறது. ஷொம்லோவில் காற்று அந்தப் பனியைத் தங்கவிடுவதில்லை, அதனால் உலர் ஒயினாகவே நிற்கிறது. பாறை, காற்று, தண்ணீர் மூன்றையும் சேர்த்துத்தான் நிலம் என்று சொல்ல வேண்டும்.

எனக்கு இருக்கிற கவலை விற்பனை பற்றியது. கடைக்காரர்கள் பழம் பறித்த மறு வசந்தத்திலேயே பாட்டில் கேட்கிறார்கள். சிறு விவசாயிக்குப் பணம் வேண்டும், கொடுத்துவிடுகிறார். அந்த வயதில் திறந்த ஷொம்லோ ஒயின் வெறும் புளிப்பாக இருக்கும், வாங்கியவர் இரண்டாவது பாட்டில் கேட்க மாட்டார். பாச்சி இரண்டு குளிர்காலம் தாண்டாமல் யூஃபார்க்கை வெளியே விடுவதில்லை. அந்த இரண்டு வருடம் பணம் பீப்பாயில் முடங்கிக் கிடக்கும். அதைத் தாங்குவதற்காகவே ஓலஸ்ரிஸ்லிங்கில் ஒரு பங்கைச் சீக்கிரம் விற்று வீட்டுச் செலவைப் பார்த்துக்கொள்கிறார். பாட்டிலின் அதிக விலையைப் பார்த்து முகம் சுளிக்கிறவர்களிடம் இந்தக் கணக்கை நான் பொறுமையாகச் சொல்வேன். கூடவே குடிக்கிற முறையையும் சொல்லிவிடுவேன்: ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த உடனே ஊற்றாதீர்கள், 12, 13 டிகிரிக்கு வரட்டும். வறுத்த வாத்து, பன்றி இறைச்சி மாதிரிக் கொழுப்பான சாப்பாட்டோடு குடியுங்கள். பாதியை மூடி வைத்து மறுநாள் ருசியுங்கள், மறுநாள்தான் அது நன்றாக இருக்கும்.