ஊதும் ஓட்டையும் உறிஞ்சும் ஓட்டையும்

எங்கள் வீட்டுப் பின்னறைக்கு என் மகள் வைத்திருந்த பெயர் காளவாய். வீடு முழுவதற்கும் ஒரே ஏசி. கூரைக்கும் சீலிங்குக்கும் நடுவிலிருக்கும் இருட்டில் பெட்டி உட்கார்ந்திருக்கிறது. அங்கிருந்து கிளம்பும் டக்ட், அதாவது காற்றுக் குழாய், கிளை பிரிந்து ஒவ்வோர் அறைக்கும் இறங்குகிறது. கூடத்தில் 24 டிகிரி என்றால் பின்னறையில் 29. அவள் படிப்பதும் தூங்குவதும் அங்கேதான். கோடை ஏறினால் தலையணையைத் தூக்கிக்கொண்டு கூடத்துக்கு வந்துவிடுவாள்.

மூன்று முறை மெக்கானிக்கைக் கூப்பிட்டேன். முதல் முறை கேஸ் குறைவு என்று ஏற்றினார். இரண்டாம் முறையும் அதேதான். கேஸ் ஓடுவது மூடிய சுற்றில். ஒழுகாமல் அது குறையாது. ஒழுகுகிறது என்றால் அந்த இடத்தைத் தேடி அடைக்க வேண்டும். அதைக் கேட்டதற்கு ஒரு மழுப்பல் சிரிப்பு. மூன்றாம் முறை, "இந்த வீட்டுக்கு இந்த மிஷின் பத்தாதும்மா, பெரிசா மாத்திடுங்க" என்றார். மூன்று வருகையிலும் அவர் பெட்டியருகே போனதோடு சரி. டக்ட் போகும் வழியில் ஓரடிகூட டார்ச் அடித்துப் பார்க்கவில்லை.

சரி, நாமே பார்ப்போம் என்று ஏறினேன். அட்டிக் என்று சொல்லுங்கள், நான் அதைப் பரண் என்றே சொல்லிப் பழகிவிட்டேன். பிற்பகல் 3 மணி. அது என் முதல் முட்டாள்தனம். சமையலறையில் வைத்திருக்கும் ஊசி தெர்மாமீட்டரைக் கையோடு கொண்டுபோயிருந்தேன். அது 54 காட்டியது. பத்து நிமிடத்தில் கண் இருட்டிக்கொண்டு வந்தது, இறங்கிவிட்டேன். அதன் பிறகு எல்லா வேலையும் விடியற்காலை 5 மணியிலிருந்து 7 மணிக்குள்தான். வெயில் நாட்டில் பரண் வேலைக்கு வேறு நேரமே கிடையாது.

ஆனால் அந்தப் பத்து நிமிடத்தில் எடுத்த இன்னொரு அளவுதான் எல்லாவற்றையும் மாற்றியது. அறைகளின் காற்றைத் திரும்ப இழுத்துக்கொள்ளும் ரிட்டர்ன் கிரில் எங்கள் வீட்டில் நடைவழி சீலிங்கில் இருக்கிறது. அதன் வாயில் காற்று 27 டிகிரி. அதே காற்று பெட்டிக்குள் நுழையும் இடத்துக்குச் சற்று முன்னால், டக்ட் தகட்டில் ஊசி போகிற அளவுக்கு ஒரு துளை போட்டு அளந்தேன். 31. இரண்டுக்கும் நடுவே டக்டின் நீளம் நான்கு மீட்டர்கூட இல்லை. நான்கு டிகிரி எங்கிருந்து வந்து சேர்ந்தது?

பரணிலிருந்துதான். இரவு உட்கார்ந்து கணக்குப் போட்டேன். 27 டிகிரி வீட்டுக் காற்றோடு 54 டிகிரி பரண் காற்று கலந்து 31 ஆக வேண்டுமென்றால், ஏழில் ஒரு பங்கு பரணிலிருந்து வர வேண்டும். டக்ட் சுவர் வழியாக ஏறும் சூடும் அதில் கொஞ்சம் இருக்கும், கழித்துக்கொள்ளலாம். இருந்தாலும் பெட்டி நன்றாக வேலை செய்தாலே காற்றை ஒரு பத்து டிகிரிதான் குளிர்விக்கும். அந்தப் பத்தில் நான்கு, காற்று பெட்டிக்கு வந்து சேரும் முன்பே தொலைந்துவிடுகிறது. மிஷின் பத்தாமல் இல்லை. பரணையும் சேர்த்துக் குளிர்விக்கச் சொல்லிக்கொண்டிருந்தோம்.

டக்ட் ஓட்டை என்றால் எல்லோரும் நினைப்பது குளிர்காற்று வெளியே ஊதும் ஓட்டையைத்தான். நானும் அப்படித்தான் நினைத்தேன். அதைக் கண்டுபிடிப்பது சுலபம். கையை வைத்தால் சில்லென்று அடிக்கும். ரிட்டர்ன் பக்கத்து ஓட்டை உறிஞ்சும் ஓட்டை. கையில் ஒன்றும் தெரியாது, சத்தமும் இருக்காது. வெயில் நேரத்தில் சேதம் பண்ணுவதில் அதுதான் பெரிய ஆள், ஏனென்றால் வீட்டிலேயே மிகச் சூடான, மிகத் தூசியான காற்றை இழுத்து நேராகப் பெட்டிக்குள் குளிர்விக்கும் காயிலின் மேல் கொட்டுகிறது. எங்கள் ஃபில்டர் கிரில்லிலேயே இருக்கிறது. அது மாதக் கணக்கில் அழுக்கே ஆகாமல் இருப்பதைப் பார்த்து, வீட்டை எவ்வளவு சுத்தமாக வைத்திருக்கிறேன் என்று பெருமைப்பட்டுக்கொண்டிருந்தேன். தூசி ஃபில்டரைத் தாண்டிய இடத்தில் நுழைந்துகொண்டிருந்தது என்பது பிறகுதான் புரிந்தது.

ஊதும் ஓட்டையும் சும்மா இல்லை. அறைக்குப் போக வேண்டிய காற்றில் ஒரு பகுதி பரணுக்குப் போனால், வீட்டிலிருந்து இழுப்பது அதிகம், திருப்பிக் கொடுப்பது குறைவு என்றாகிவிடும். அந்தக் குறையைச் சரிக்கட்ட கதவிடுக்கு, ஜன்னலிடுக்கு, சுவிட்ச் பெட்டி என்று கிடைத்த சந்தில் எல்லாம் வெளிக்காற்று உள்ளே வரும். புழுக்கமான ஊரில் அது ஈரத்தையும் தூக்கிக்கொண்டு வரும். ஏசி ஓடியும் சுவரில் ஒரு பிசுபிசுப்பு, அலமாரியில் ஒரு பூசண வாடை இருந்தால் இதையும் சந்தேகப்படலாம். சாதாரண வீடுகளில் டக்டில் ஓடும் காற்றில் 20 முதல் 30 சதவீதம் வரை இப்படி வீணாகிறது என்பார்கள். எங்கள் வீடு அதைவிடக் கேவலம் என்று நினைக்கிறேன்.

தேடுவதற்கு ஊதுபத்திதான் வைத்துக்கொண்டேன். பஞ்சு இன்சுலேஷன் நடுவே நெருப்பு, அதனால் பக்கத்தில் ஒரு தண்ணீர் வாளி. குளிர்விப்பதை நிறுத்திவிட்டு ஃபேனை மட்டும் ஓடவிட்டு, ஒவ்வோர் இணைப்பிலும் புகையைக் காட்டினேன். அறைகளுக்குக் காற்றை அனுப்பும் சப்ளை பக்கம் புகை தெறித்து விலகியது. ரிட்டர்ன் பக்கம் ஒரு மூலையில் புகை ஒரு நூலாகத் திரண்டு, ஸ்ட்ரா போட்டு இழுத்தது போல உள்ளே போனது. அந்த இடத்து இன்சுலேஷன் கறுத்துப் போயிருந்தது. புகை காட்டாமலே கண்டுபிடித்திருக்கலாம். பல வருடங்களாகத் தூசியை வடிகட்டிய பஞ்சு வேறெப்படி இருக்கும்?

மகளைக் கீழே கிரில்லுக்கு அடியில் நிற்கவைத்துவிட்டு, ஃபேனை நிறுத்தி, மேலிருந்து டார்ச் அடித்தேன்.

"தெரியுதும்மா! கிரில்லுக்குள்ள கோடு மாதிரி வெளிச்சம். இல்ல, ரெண்டு கோடு. அம்மா, உன் விரல்கூட தெரியுது!"

விரல் தெரிந்தது என்றால் பாருங்கள். கட்டியவர்கள் கிரில்லுக்கு மேலே முறையான தகட்டுப் பெட்டி வைக்காமல், மரச் சட்டத்தையும் ஜிப்சம் பலகையையுமே பெட்டியாக நினைத்து விட்டிருக்கிறார்கள். பலகையும் தகடும் சேரும் இடத்தில் விரல் அகல இடைவெளி.

பின்னறைக்குப் போகும் டக்ட் வளையும் வகை. உள்ளே ஒரு மெல்லிய குழாய், அதன்மேல் பஞ்சு, அதற்கு மேலே பளபளப்பான உறை. வெளியிலிருந்து பார்த்தால் அழகாக இருந்தது. உறையைப் பிரித்தால் உள்குழாயின் பட்டை தளர்ந்து, குழாய் தகட்டுக் கழுத்திலிருந்து பாதி நழுவியிருந்தது. காளவாய்க்குப் போக வேண்டிய குளிர்காற்றில் பாதி பஞ்சுக்குள் போய்க்கொண்டிருந்திருக்கிறது. போதாக்குறைக்கு நானே சில வருடம் முன்பு ஏற்றிவைத்த பழைய புத்தகப் பெட்டி ஒன்று அந்த டக்டின் மேல் சாய்ந்து அதை நெரித்துக்கொண்டிருந்தது. இதை இவ்வளவு நாள் வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை.

இன்னொன்றும் ஒப்புக்கொள்கிறேன். இரண்டு கோடைக்கு முன்பு கைக்கு எட்டிய ஓர் இணைப்பை டக்ட் டேப் என்று விற்கும் சாம்பல் நிறத் துணி டேப்பால் சுற்றியிருந்தேன். பெயரிலேயே டக்ட் இருக்கிறதே என்ற நம்பிக்கை. இப்போது அது பாம்புச் சட்டை போலத் தொங்கிக்கொண்டிருந்தது. அமெரிக்காவில் லாரன்ஸ் பெர்க்லி தேசிய ஆய்வுக்கூடத்தில் மேக்ஸ் ஷெர்மன், அயன் வாக்கர் என்ற இருவர் டக்டை அடைக்கும் பொருள்களைச் சூட்டிலும் குளிரிலும் மாற்றி மாற்றிச் சோதித்து, 1998-இல் முடிவைச் சொன்னார்கள். அந்தச் சோதனையில் கவிழ்ந்தது இந்தத் துணி டேப்தான். எங்கள் பரணும் அதையேதான் சொல்லியிருக்கிறது, இரண்டு கோடை எடுத்துக்கொண்டு.

அடைக்க வேண்டியது மாஸ்டிக். டப்பாவில் வரும், குழைத்த களிமண் பதத்தில் இருக்கும், பிரஷ்ஷால் பூசலாம். நான் வாங்கியது தண்ணீரில் கரைவது, வாடை அதிகமில்லை. பூசும் கனம் முக்கியம். சுவருக்குப் பெயின்ட் அடிப்பது போல இழுத்தால் பயனில்லை. இரண்டு மில்லிமீட்டராவது நிற்க வேண்டும். ஆறு மில்லிமீட்டருக்கு மேற்பட்ட சந்து என்றால் முதலில் கண்ணாடி இழை வலை டேப் ஒட்டி, அதன்மேல் பூச வேண்டும். எங்கள் விரல் அகலச் சந்துக்கு அதுவும் போதாது. தகட்டை நீளமாக வெட்டி ஸ்க்ரூ போட்டு மூடிவிட்டு, ஓரங்களில் வலையும் மாஸ்டிக்கும் வைத்தேன். உட்புறம் ஜிப்சம் பலகைகள் சேரும் மூலைகளிலும் பூசினேன். தலைமுடியில் ஒட்டியது மூன்று நாள் போகவில்லை, அதனால் தலைக்குத் துணி கட்டிக்கொள்ளுங்கள். கையுறையும் முகக்கவசமும் சொல்லாமலே தெரியும். கால் வைப்பது மரச் சட்டத்தில் மட்டும். சீலிங் பலகையில் வைத்தால் நேராகக் கூடத்துக்கு வந்துவிடுவீர்கள்.

நழுவிய குழாயைக் கழுத்தின் மேல் ஐந்து சென்டிமீட்டருக்குக் குறையாமல் இழுத்துவிட்டு, மாஸ்டிக் பூசி, பட்டையை இறுக்கினேன். பிறகு பஞ்சை ஏற்றி, மேலுறையை இழுத்து, அதற்குத் தனியாக இன்னொரு பட்டை. மேலுறையில் கிழிசல் இருந்தால் அதையும் மூட வேண்டும், இல்லையென்றால் ஈரக்காற்று குளிர்ந்த குழாயைத் தொட்டு வியர்த்து, பஞ்சு நனைந்து, சீலிங்கில் வரைபடம் வரையும். தொய்வையும் எடுத்தேன்: ஒன்றேகால் மீட்டருக்கு ஒரு தொங்கல், அகலமான பட்டையால். கயிறு போட்டால் டக்டை அறுத்து நெரிக்கும்.

பெட்டியின் கதவுப் பலகையில் மட்டும் மாஸ்டிக் பூசக் கூடாது. நாளைக்குத் திறக்க வேண்டும் இல்லையா? அங்கே அலுமினிய ஃபாயில் டேப். டக்டுக்கான தரக் குறியீடான யுஎல் 181 அச்சிட்டிருப்பதாகப் பார்த்து வாங்கினேன். தூசியைத் துடைத்துவிட்டு ஒட்டி, பழைய பிளாஸ்டிக் அட்டையால் அழுத்தித் தேய்க்க வேண்டும். நான் தெர்மாமீட்டருக்குப் போட்ட துளைக்கும் அதுவே. பெட்டியை ஒட்டிய இணைப்புகளில்தான் அழுத்தம் அதிகம் என்பதால் அங்கிருந்து தொடங்கினேன். கடைசியில், ஒவ்வோர் அறையிலும் கிரில்லைக் கழற்றி, தகட்டு வாய்க்கும் சீலிங்குக்கும் நடுவே இருந்த சந்தில் கீழிருந்தே சீலன்ட் விட்டேன். அரை நாள் வேலை.

கைக்கு எட்டாத டக்டுகளுக்கு வேறு வழியும் இருக்கிறது. அதே பெர்க்லி ஆய்வுக்கூடத்தில் மார்க் மோடெரா 1990-களில் உருவாக்கிய முறை அது. கிரில்களை எல்லாம் அடைத்துவிட்டு, பசைத் துகள்களைக் காற்றோடு டக்டுக்குள் செலுத்துவார்கள். காற்று எந்தச் சந்தில் தப்பிக்கப் பார்க்கிறதோ அதன் விளிம்பிலேயே துகள் ஒட்டி ஒட்டி மூடிவிடும். நல்ல யோசனைதான், ஆனால் கழன்று விழுந்த குழாயை அது திரும்ப மாட்டாது.

இரண்டு எச்சரிக்கை. மிகப் பழைய வீடு என்றால், டக்ட் இணைப்பில் வெள்ளையாக, துணி போலவோ அட்டை போலவோ எதையாவது சுற்றியிருந்தால் பிய்க்காதீர்கள், நுரையீரலைக் கெடுக்கும் ஆஸ்பெஸ்டாஸாக இருக்கலாம். வீட்டுக்குள் கேஸில் எரியும் தண்ணீர் ஹீட்டர் இருந்தால், டக்டை அடைத்த பிறகு அதன் புகை ஒழுங்காக வெளியே போகிறதா என்று பார்க்க வேண்டும். காற்றின் இழுவை மாறும்போது புகை உள்ளே திரும்பலாம். கார்பன் மோனாக்சைடு அலாரம் ஒன்று மாட்டிவையுங்கள்.

எல்லாம் முடிந்து மாஸ்டிக் காய்வதற்கு ஒரு நாள் விட்டு, பரண் மறுபடி 54-ஐத் தொட்ட ஒரு பிற்பகலில் மீண்டும் அளந்தேன், இந்த முறை ஐந்து நிமிடத்தில் இறங்கிவிட்டேன். கிரில்லில் 26, பெட்டி வாயில் 27. பின்னறை 25. மகள் அன்றிரவு கூடத்துக்கு வரவில்லை.

கூடவே எதிர்பார்க்காத ஒன்றும் வந்தது. ரிட்டர்ன் கிரில் விசிலடிக்க ஆரம்பித்தது. இவ்வளவு காலம் அந்தச் சந்து இரண்டாவது வாயாக இருந்திருக்கிறது; இப்போது மொத்தக் காற்றும் ஃபில்டர் வழியாகவே வர வேண்டும், கிரில்லோ சிறியது. மூன்று வாரத்திலேயே ஃபில்டர் கறுத்துவிட்டது. காற்று குறைந்தால் காயிலில் பனி கட்டும் என்பதால், இப்போதைக்கு மூன்று வாரத்துக்கு ஒரு ஃபில்டர் மாற்றிக்கொண்டிருக்கிறேன். கூடத்துப் பக்கம் இன்னொரு ரிட்டர்ன் திறக்க வேண்டும் போலிருக்கிறது.

சுவரும் தகடும் நெருங்கும் ஒரு மூலையில் ஊதுபத்திப் புகை இன்னும் லேசாகச் சாய்கிறது. என் கை அங்கே நுழையவில்லை. ஸ்கேலில் பிரஷ்ஷைக் கட்டிப் பார்த்தேன், கண்ணாடி வைத்துப் பார்த்தேன், தரையெல்லாம் மாஸ்டிக் ஆனதுதான் மிச்சம். மகள் தன் கையை என் கையோடு சேர்த்து வைத்து அளந்து பார்த்தாள். அவளுடையது ஒல்லி. "ஞாயித்துக்கிழமை நான் ஏறுறேம்மா, ஆனா அஞ்சு மணிக்கெல்லாம் எழுப்பாதே" என்கிறாள். ஐந்தரைக்கு எழுப்பலாம் என்று பேசி முடித்திருக்கிறோம்.