பிளேட்லெட் 6.8 லட்சம்: காரணம் தேடி அலைந்த கதை

ரத்தத்தை உறைய வைக்கும் பிளேட்லெட் அணுக்களுக்கு மேல் வரம்பு 4.5 லட்சம்; எனக்கு 6.8. முதலில் பார்த்த டாக்டர் ரிப்போர்ட்டைப் புரட்டிவிட்டு, "எலும்பு மஜ்ஜைப் பிரச்சினையா இருக்கலாம், ஜாக்2 எடுத்துடுங்க" என்றார். ஜாக்2 என்ற மரபணுவில் மாற்றம் இருக்கிறதா என்று பார்க்கும் ரத்தப் பரிசோதனை அது. சமீபத்தில் காய்ச்சல், தொற்று ஏதாவது வந்ததா, மாதவிடாயில் எவ்வளவு ரத்தம் போகிறது, ஒன்றும் கேட்கவில்லை. மண்ணீரல் வீங்கியிருக்கிறதா என்று வயிற்றைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. இதை நினைத்தால் இன்னும் எரிச்சல்தான்.

ஜாக்2 நெகட்டிவ். கவுன்டரில் இருந்தவர், "நெகட்டிவ்தானே மேடம், கவலையை விடுங்க" என்று கவரை நீட்டினார். அவர் சொன்னதை நம்பி வீட்டுக்குப் போய்விடக் கூடாது. மஜ்ஜையே தன்னிஷ்டத்துக்கு பிளேட்லெட்டை உற்பத்தி செய்கிற நோயில் பாதிப் பேருக்குத்தான் ஜாக்2 மாற்றம் இருக்கும். மிச்சப் பேரில் பலருக்கு கால்ஆர், சிலருக்கு எம்பிஎல் என்ற மரபணுக்களில் மாற்றம் இருக்கும். மூன்றும் இல்லாதவர்களும் உண்டு.

சரி, இரும்புச்சத்து? அது குறைந்தாலும் பிளேட்லெட் கூடும். உடம்பின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின் 48, "நார்மல்" என்று அச்சடித்திருந்தது. அதைப் பார்த்தே அந்தக் கோணத்தை மூடிவிட்டார்கள்.

அடுத்துப் போன ரத்தநோய் மருத்துவர்தான் "இந்த ரத்தம் எடுத்தப்போ உடம்பு எப்படிம்மா இருந்தது?" என்று கேட்டார். கடைவாய்ப் பல்லில் சீழ் கட்டி கன்னம் வீங்கியிருந்த நேரம் அது. உடம்பில் அழற்சி இருந்தால் ஃபெரிட்டின் பொய்யாக ஏறி நிற்குமாம், பிளேட்லெட்டும் கூடுமாம். பழைய ரிப்போர்ட்டுகளை வரிசையாக வைத்தார். எம்சிவி (சிவப்பணுக்களின் சராசரி அளவு; இரும்பு குறைந்தால் இறங்கும்) 84, 78, 72 என்று இறங்க இறங்க, பிளேட்லெட் ஏறியிருந்தது. பழைய காகிதங்களைத் தூக்கிப் போடாதீர்கள், எனக்கு வழி காட்டியது அவைதான்.

பல் சரியான பிறகு, அழற்சியைக் காட்டும் சிஆர்பியோடு சேர்த்து ஃபெரிட்டினை மறுபடி எடுத்தோம். சிஆர்பி இறங்கியிருந்தது, ஃபெரிட்டின் 9! இரும்புக் குறைவுதான். ரத்தப் படலத்தையும் நுண்ணோக்கியில் பார்க்கச் சொன்னார். உடைந்த சிவப்பணுத் துண்டுகளை மெஷின் பிளேட்லெட் என்று எண்ணிவிடுவதும் உண்டாம். எனக்கு அப்படி இல்லை.

இடையில், ரத்தம் உறையாமல் இருக்க ஆளாளுக்கு ஆஸ்பிரின் போடச் சொன்னார்கள். காரணம் தெரியாமல் தொடாதீர்கள். 10 லட்சத்தைத் தாண்டினவர்களுக்கு ரத்தம் உறைவதற்குப் பதில் கசியவும் செய்யலாம்.

இரும்பு மாத்திரையில் எண்ணிக்கை 4.1 லட்சத்துக்கு வந்துவிட்டது. மஜ்ஜைப் பரிசோதனை தேவைப்படவில்லை. ஆனாலும் ஹீமோகுளோபினைத் தொடர்ந்து பார்க்கச் சொல்லியிருக்கிறார். சிவப்பணு பெருகும் பாலிசைதீமியாவை இரும்புக் குறைவு மறைத்துவிடலாம் என்பதால். ஜாக்2 நெகட்டிவ் என்பதால் அதற்கு வாய்ப்பு மிகக் குறைவு என்றும் அவரே சொன்னார்.