மரக்கிளையில் தொங்கிய கட்டுச்சோறு

ஒன்பதாம் வகுப்பில் படிக்கும் என் மகளுக்கு அவளுடைய சமூக அறிவியல் ஆசிரியை கொடுத்த செயல்திட்டத் தலைப்பு, ‘காலனி ஆட்சிக்கு எதிரான அறவழிப் போராட்டம்’ என்பதாகும். நான்கு வாரக் கெடு. அன்று மாலையே எழுதுபொருள் கடைக்குப் போய்த் தேசத்தலைவர்கள் படத்தாள் ஒன்றும் சார்ட் அட்டை இரண்டும் வாங்கி வந்து, காந்தியடிகளின் படத்தை நடுவில் ஒட்டி, தண்டி யாத்திரையைப் பற்றிப் பத்து வரிகளை வண்ணப் பேனாவால் எழுதி, இரவுச் சாப்பாட்டுக்கு முன்பே வேலையை முடித்துவிட்டோம். மறுநாள் அட்டை அப்படியே திரும்பி வந்தது. “படம் நன்றாக இருக்கிறது, இதில் உன்னுடைய கேள்வி எது?” என்று ஆசிரியை ஓரத்தில் பென்சிலால் எழுதியிருந்தார். பள்ளியில் படித்த பத்தாண்டுகளில் என்னிடம் யாரும் அப்படிக் கேட்டதில்லை என்பதால், மகளைவிட நான்தான் அதிகம் திகைத்துப் போனேன்.

நாங்கள் திருச்சியில் இருக்கிறோம். ஆகவே தண்டியை விட்டுவிட்டு, இங்கிருந்து புறப்பட்ட வேதாரண்யம் உப்புச் சத்தியாகிரக நடைப்பயணத்தை எடுத்துக்கொள்ளலாம் என்று முடிவு செய்தோம். அதன் சட்டகம் பாடநூலிலேயே கிடைத்துவிட்டது. 1930 ஏப்ரல் 6 அன்று காந்தியடிகள் தண்டியில் உப்பெடுத்த ஒரு வாரத்தில், ஏப்ரல் 13 அன்று, ராஜாஜியின் தலைமையில் தொண்டர்கள் திருச்சியில் டாக்டர் தி.சே.சௌ. ராஜனின் வீட்டிலிருந்து புறப்பட்டார்கள். அன்று தமிழ்ப் புத்தாண்டு. ஜாலியன்வாலா பாக் படுகொலையின் பதினோராம் ஆண்டு நினைவு நாளும் அதுவே. ஏறத்தாழ 150 மைல் நடந்து 28ஆம் தேதி வேதாரண்யத்தை அடைந்தார்கள். 30ஆம் தேதி காலையில் வேதாரண்யத்தை அடுத்த அகஸ்தியம்பள்ளியில் உப்புச் சட்டத்தை மீறிய ராஜாஜி கைது செய்யப்பட்டு ஆறு மாதச் சிறைத்தண்டனை பெற்றார். இவ்வளவையும் எழுதிய பிறகும் ஆசிரியை கேட்ட ‘கேள்வி’ எங்கள் கைக்கு அகப்படவில்லை.

தேடத் தொடங்கியதும் முதலில் இடறியது எண்ணிக்கையில். நடந்தவர்கள் 98 பேர் என்று ஒரு நூல், நூறு பேர் என்று இன்னொன்று, 150க்கும் மேல் என்று ஓர் இணையப் பக்கம். ஏதேனும் ஒன்றை எடுத்துப் போட்டுவிட்டு மேலே போகலாம் என்பது என் யோசனை. மகள் ஒப்பவில்லை. தலைவரையும் சேர்த்து எண்ணினார்களா, திருச்சியில் தேர்ந்தெடுக்கப்பட்டவர்களை மட்டும் எண்ணினார்களா, வழியில் சேர்ந்துகொண்டவர்களையும் எண்ணினார்களா என்ற வினாக்களைத் தன் குறிப்பேட்டில் எழுதி வைத்துக்கொண்டு, கட்டுரையில் ‘ஏறத்தாழ நூறு பேர்’ என்று எழுதி, மூன்று எண்களையும் கீழே தனியாகக் காட்டினாள். எண் ஒன்றாக இல்லாததைக் குறையாக எண்ணி மறைப்பதைவிட, அதைக் காட்டுவதே ஆராய்ச்சிக்கு அழகு என்பது அவள் செய்த பிறகே எனக்குப் புலப்பட்டது.

இரண்டாவது இடறல் ஊர்ப்பெயர்களில். வேதாரண்யம் இன்று நாகப்பட்டினம் மாவட்டத்தில் இருப்பதால் அந்தப் பெயரை வைத்தே இரண்டு நாள்கள் தேடி வீணாக்கினோம். நாகப்பட்டினம் தனி மாவட்டமானது 1991இல். திருவாரூர் அதற்கும் பின்னால். 1930இல் காவிரிக் கழிமுகத்தின் பெரும்பகுதி ஒரே தஞ்சாவூர் மாவட்டம். ஆங்கிலேயர் வழங்கியபடி ‘டான்ஜோர்’, ‘டிரிச்சினாப்போலி’ என்ற பெயர்களை ஆங்கில எழுத்தில் இட்டுத் தேடிய பிறகுதான் கதவு திறந்தது. இதே வேலையில் இறங்கும் பெற்றோர் எவருக்கும் நான் முதலில் சொல்லக்கூடியது இதுதான்: அந்தக் காலத்து எல்லையையும் அந்தக் காலத்து எழுத்துக்கூட்டலையும் தெரிந்துகொண்டு பிறகு தேடுங்கள்.

இதற்கிடையில் மகள் வேறொன்று கேட்டாள். “திருச்சியிலிருந்து தஞ்சாவூருக்கு அப்பவே ரயில் இருந்ததே அப்பா, ஏன் நடந்தாங்க?” உப்பெடுப்பது மட்டுமே நோக்கமாக இருந்தால் அவள் சொல்வது சரிதான். ஆனால் பதினைந்து நாள்களில் 150 மைல் என்றால் நாளொன்றுக்குப் பத்து மைல்தான். காலையிலும் மாலையிலும் நடந்து, வெயில் நேரத்தில் தங்கி, தங்கிய ஊர்களில் கூட்டம் போட்டுக் கதரையும் தீண்டாமை ஒழிப்பையும் மதுவிலக்கையும் பேசிக்கொண்டு போவதற்கு ஏற்ற வேகம் அது. நாமக்கல் வெ. இராமலிங்கம் பிள்ளை இந்த நடைக்கென்றே ஒரு பாட்டு எழுதிக் கொடுத்திருந்தார். ரயிலில் போயிருந்தால் தஞ்சாவூர், கும்பகோணம், மன்னார்குடி, திருத்துறைப்பூண்டி என்று தெருத்தெருவாக அதைப் பாடியிருக்க முடியாது.

எங்களுடைய கேள்வி கிடைத்தது மாவட்ட ஆட்சியர் ஜே.ஏ. தார்ன் என்பவரைப் பற்றிப் படித்தபோதுதான். நடைப்பயணத்தின் பெரும்பகுதி அவருடைய தஞ்சாவூர் மாவட்டத்தின் வழியாகவே போயாக வேண்டும். தொண்டர்களை வழியிலேயே அடித்து விரட்டினால் அவர்களுக்குப் பெயரும் புகழும் சேரும் என்பது அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். அவர் கை வைத்த இடம் வயிறு. சத்தியாகிரகிகளுக்கு உணவோ இருப்பிடமோ தருவது குற்றம், சட்டவிரோதக் கூட்டத்தாருக்கு அடைக்கலம் தருவோரைத் தண்டிக்கும் இந்தியத் தண்டனைச் சட்டம் 157ஆம் பிரிவின்படி ஆறு மாதம் வரை சிறை என்று தமிழில் துண்டறிக்கை அச்சிட்டும், நாளிதழ்களில் வெளியிட்டும், ஊர்தோறும் தண்டோரா போட்டும் அறிவித்தார். முள்ளும் நெருஞ்சியும் சுதந்திர வெள்ளத்தைத் தடுத்துவிடாது என்று ராஜாஜி அவருடைய பெயரை வைத்தே ஆங்கிலத்தில் சிலேடையாகப் பதில் சொன்னதைத் தமிழில் கொண்டுவர மகள் பட்ட பாடு தனிக்கதை. ‘தார்ன்’ என்றால் முள் என்று அடைப்புக்குறி போட்டு விளக்கிய பிறகு சிலேடையில் சிரிப்பு எங்கே மிஞ்சும்?

அன்றிரவு அவள் அட்டையின் உச்சியில் புதிய கேள்வியை எழுதினாள்: ‘சோறு போட்டால் சிறை என்ற பிறகு, நூறு பேர் பதினைந்து நாள் எப்படிச் சாப்பிட்டார்கள்?’

இதற்கு விடை தேட நாங்கள் முதலில் போனது நூலகத்துக்கு அன்று; மன்னார்குடியிலிருந்து வந்து எங்களோடு இருக்கும் என் தாயாரிடம். நூறு பேருக்கு ஒரு வேளைச் சோறு என்றால் எவ்வளவு அரிசி வேண்டும் என்று பேத்தி கேட்டாள். “ஆளுக்கு ஒரு ஆழாக்குன்னு வச்சாலும் பன்னிரண்டரைப் படி ஆச்சு. பத்து மைல் நடந்து வர்ற பிள்ளைங்களுக்கு ஒரு ஆழாக்கு எந்த மூலைக்கு? ரெண்டாவது வேணும். இருபத்தஞ்சு படின்னு எழுதிக்க” என்றார் அம்மா. பிறகு அவரே தொடர்ந்து, இருபத்தைந்து படியை ஒரு வீட்டு அடுப்பில் யாருக்கும் தெரியாமல் வடிக்க முடியாது, கோட்டை அடுப்பைக் கொல்லையில்தான் மூட்ட வேண்டும், புகை கிளம்பினாலே தெரு முழுக்கத் தெரிந்துவிடும், ஆகையால் பத்து வீட்டில் பங்கு போட்டு வடித்திருக்க வேண்டும், புளிச்சோறாகக் கிளறி இலையில் கட்டினால்தான் அந்த வெயிலில் தாங்கும் என்று சொல்லிக்கொண்டே போனார். இது ஊகம்தான், சான்று ஆகாது. அதனால் மகள் அதைக் கட்டுரையில் ‘எங்கள் கணக்கு’ என்று தலைப்பிட்டுத் தனியே பெட்டி கட்டி எழுதினாள். ஆனாலும் அந்தக் கணக்குக்குப் பிறகு நாங்கள் படித்த ஒவ்வொரு வரியும் வேறு விதமாகத் தெரிந்தது.

ஏனென்றால், அதற்கடுத்து நூலகத்தில் எங்களுக்குக் கிடைத்த செய்தி இது. ஆணைக்குப் பிறகு, தொண்டர்கள் போகும் பாதையில் ஊர்மக்கள் சாலையோர மரக்கிளைகளில் சோற்றுப் பொட்டலங்களைக் கட்டித் தொங்கவிட்டுப் போனார்கள். தொண்டர்கள் நீர்நிலைக் கரையில் இளைப்பாறும்போது, உணவுப் பாத்திரம் எந்த இடத்தில் புதைத்து வைக்கப்பட்டிருக்கிறது என்ற குறிப்பு அவர்களை வந்து சேரும். போடுகிறவரும் இல்லை, பந்தியும் இல்லை. ஆனால் சோறு இருக்கிறது. ஒளிந்து செய்யாமல் வெளிப்படையாகச் செய்து தண்டனை ஏற்றவர்களும் இருந்தார்கள். கும்பகோணத்தில் பந்துலு ஐயர் தம் வீட்டில் விருந்தளித்து ஆறு மாதச் சிறை பெற்றார். திருத்துறைப்பூண்டியில் இராமச்சந்திர நாயுடு உணவளித்ததற்காகக் கைதானார். வேதாரண்யத்தில் முகாமுக்கு இடமும் உணவும் ஏற்பாடு செய்த உப்பு வணிகர் வேதரத்தினம் பிள்ளைக்குச் சிறையோடு சொத்துப் பறிமுதலும் சேர்ந்துகொண்டது. மக்களுக்கு அரசின்மீது முன்பு ஏதேனும் பற்று இருந்திருந்தாலும் அது இப்போது இல்லாமல் போய்விட்டது என்ற பொருளில் தார்ன் தம் மேலிடத்துக்கு எழுத வேண்டியதாயிற்று. ஆணை போட்டவரே எழுதிய ஒப்புதல் என்பதால், இந்த ஒரு செய்திக்கு மட்டும் மகள் சிவப்பு மையால் அடிக்கோடிட்டாள்.

வரைபடத்தில் ஒரு தவறு செய்தோம். இன்றைய நெடுஞ்சாலை வரைபடத்தை மேலே வைத்து ஒரே சிவப்புக் கோடாக இழுத்துவிட்டாள். இரண்டாம் முறை பார்வையிட்ட ஆசிரியை, அந்தப் புறவழிச்சாலைகள் 1930இல் இருந்தனவா என்று மட்டும் கேட்டார். மறுபடியும் வரைந்தோம். தங்கிய ஊர்கள் என்று உறுதியாகத் தெரிந்தவை வட்டப்புள்ளிகள், அவற்றுக்கிடையே புள்ளிக்கோடு.

மூன்றாம் வார இறுதியில் அகஸ்தியம்பள்ளிக்குப் போய்வந்தோம். திருத்துறைப்பூண்டியிலிருந்து அகஸ்தியம்பள்ளிக்கு அகலப்பாதை போடப்பட்டு 2023 முதல் ரயில் ஓடுகிறது என்பதால் கடைசிப் பகுதியை அதிலேயே கடந்தோம். நடந்தவர்களைப் பற்றி எழுதப்போகிறவள் ரயிலில் போகிறாளே என்று அம்மா கேலி செய்தார். உப்பளங்கள் கண்ணுக்கெட்டிய வரை பாத்தி பாத்தியாக வெளுத்துக் கிடந்தன. இன்றும் அங்கே உப்பு விளைகிறது. நினைவுத் தூணைப் படமெடுத்துக்கொண்டோம். ஆனால் அங்கே மகள் குறித்துக்கொண்டது வேறு. கடலும் வெயிலும் சேர்ந்து தாமாகவே பொரிய வைக்கும் ஒரு பொருளைக் குனிந்து ஒரு பிடி அள்ளுவதைக் குற்றமாக்கிய சட்டத்தின் அபத்தம், நின்று பார்த்தாலே விளங்கும் இடம் அது. எத்தனை பக்கம் படித்தாலும் அந்தப் பாத்தியின் ஓரத்தில் நின்ற பத்து நிமிடத்துக்கு ஈடாகாது என்பது என் எண்ணம். தொலைவில் இருப்பவர்களுக்கு இது வாய்க்காது என்பதும் தெரிந்ததுதான்.

வேதாரண்யம் ஊருக்குள் வைரப்பன் என்ற நாவிதரின் நினைவாக ஒரு தூண் இருக்கிறது. சவரம் செய்துகொண்டிருந்தபோது, எதிரே அமர்ந்திருப்பவர் சத்தியாகிரகிகளை ஒடுக்க வந்த காவலர் என்று தெரிந்ததும் பாதியிலேயே கத்தியை மடக்கிவிட்டார் என்றும், நீதிபதி முன் நிறுத்தி மீதியைச் செய்யச் சொன்னபோது அடைப்பப் பெட்டியை அவர் முன்னாலேயே வைத்து, வேண்டுமானால் தாங்களே செய்துகொள்ளுங்கள் என்று சொல்லிச் சிறைக்குப் போனார் என்றும் அவ்வூரில் சொல்கிறார்கள். சொல்லச் சொல்ல மெருகேறியிருக்கக்கூடிய கதை. அதை ‘ஊரில் வழங்குவது’ என்ற குறிப்போடு மகள் சேர்த்துக்கொண்டாள். நான் நீக்கிவிடலாம் என்றேன். சோறு தர மறுக்கச் சொன்ன அரசுக்கு, வேலை செய்ய மறுத்து ஒருவர் கொடுத்த பதில் இது என்று அவள் வாதிட்டபோது என்னிடம் மறுமொழி இல்லை.

உப்புச் சட்டத்தை மீறியதற்காகச் சிறை சென்ற பெண்களில் முன்னவரான ருக்மணி லட்சுமிபதியைப் பற்றியும், வேதாரண்யப் போராட்டத்தில் பங்கேற்றுச் சிறை சென்ற இளைஞர் காமராஜரைப் பற்றியும் ஒவ்வொரு பத்தி எழுதி வைத்திருந்தாள். இரண்டையும் இறுதியில் எடுத்துவிட்டோம். கேள்வி சோற்றைப் பற்றியது. அவ்விரண்டு பத்திகளையும் வெட்டுவதற்குத்தான் அவளுக்கு மனம் வரவில்லை. எழுதுவதற்கு ஆன நேரத்தைவிட அதற்கு அதிக நேரம் பிடித்தது.

கட்டுரையின் கடைசிப் பக்கத்தில் ஓர் அட்டவணை. ஊர், உணவளித்தவர், பெற்ற தண்டனை என்று மூன்று பத்திகள். கும்பகோணம், திருத்துறைப்பூண்டி, வேதாரண்யம் ஆகிய மூன்று வரிசைகள் மட்டுமே நிரம்பின. மற்ற வரிசைகளில் ‘ஊர்மக்கள்’ என்றும் தண்டனைக்கு நேரே வெறும் கோடும் இருந்தன. வாய்மொழித் தேர்வன்று ஆசிரியை அந்தப் பக்கத்தைக் காட்டி, இன்னும் கொஞ்சம் தேடிப் பெயர்களைச் சேர்க்கலாமே என்றாராம். “பெயர் தெரிந்திருந்தால் அவங்களையும் பிடிச்சிருப்பாங்க டீச்சர். மரத்துல தொங்குற பொட்டலத்துக்கு ஆள் கிடையாது, அதனாலதான் கேஸும் கிடையாது” என்று மகள் சொல்லியிருக்கிறாள். வீட்டுக்கு வந்த அட்டையில், அந்த வெற்றுக்கோடுகளின் பக்கத்தில், முதல் நாள் எழுதியிருந்த அதே பென்சிலால் ஒரு சரிக்குறி போட்டிருந்தது.