ஒரு வெள்ளிக்கிழமை மதியம்

ஒரு மசோதா சட்டமாக மூன்று வாசிப்பு, இரண்டு அவை, கடைசியில் குடியரசுத் தலைவர் ஒப்புதல். குடிமையியல் வகுப்பில் இதைப் போர்டில் எழுதியதும் 2015 ஏப்ரல் 24-ஐப் பற்றிச் சொல்லாமல் என்னால் இருக்க முடியாது.

அன்று வெள்ளிக்கிழமை, அமைச்சர் அல்லாத உறுப்பினர்கள் கொண்டுவரும் தனிநபர் மசோதாக்களுக்கான மதிய நேரம். வழக்கமாக உறுப்பினர் பேசுவார், அமைச்சர் பதில் சொல்வார், மசோதாவைத் திரும்பப் பெற்றுக்கொள்வார்கள். 1970-க்குப் பிறகு அப்படி வந்த ஒன்றுகூட சட்டமானதில்லை. திமுக உறுப்பினர் திருச்சி சிவா திரும்பப் பெறவில்லை. அவருடைய திருநர் உரிமை மசோதா மாநிலங்களவையில் குரல் வாக்கெடுப்பில் நிறைவேறியது. டிவி முன்னால் நான் எழுந்து நின்றுவிட்டேன்.

மக்களவையைத்தான் அது தாண்டவில்லை. 2016-இல் அரசு தனியாக ஒரு மசோதா கொண்டுவந்தது. 2019-இல் சட்டமானதும் அரசின் மசோதாதான். சிவா கேட்டிருந்த இடஒதுக்கீடு அதில் இல்லை. திருநர் என்பதற்கு மாவட்ட ஆட்சியரிடம் சான்றிதழ் வாங்க வேண்டும் என்பது இருந்தது. எனக்கு இன்னும் ஆறவில்லை.

“அப்போ அவர் மசோதா எங்க சார் போச்சு?” என்று போன வாரம் ஒரு மாணவி கேட்டாள். மாநிலங்களவை நிறைவேற்றியதாகவே இருந்தாலும், மக்களவையில் நிலுவையில் இருந்தால், அந்த அவை கலையும்போது காலாவதியாகிவிடும் என்றேன். அவள் நோட்டில் எழுதிக்கொண்டாள்.