வெறுஞ்சட்டி

மூண்டு கிழமையாய் மனம் சரியில்லை. வேலை போனதிலை இருந்து ஆரோடையும் கதைக்கப் பிடிக்காமல் கதவைச் சாத்திக்கொண்டு கிடந்தன். நேற்றுப் பின்னேரம் பக்கத்து வீட்டு அன்ரி கேற்றைத் தட்டினா. "தம்பி, கூழ் காய்ச்சப் போறம். பிலாக்கொட்டை இருந்தால் எடுத்துக்கொண்டு வாவன்."

ஒடியல் கூழ், அதான் காயவிட்ட பனங்கிழங்கு மாவிலை காய்ச்சிற கூழ், ஒரு ஆளுக்கு அளவாய்க் காய்ச்சிற சாமான் இல்லை (காய்ச்சினாலும் ருசி வராது, அது என்ரை கட்சி). ஒரு வீட்டாலை நண்டும் றாலும், இன்னொரு வீட்டாலை பயித்தங்காயும் மரவள்ளியும். ஒடியல் மாவை ஊறவிட்டு, காறல் போகத் தண்ணியை வடிச்சு, பழப்புளியோடை கரைச்சு விடவேணும். செத்தல் மிளகாய் அரைக்கிற வேலை எனக்கு. கண்ணாலை தண்ணி ஓடினதுக்கு நல்ல சாட்டு.

2022இலை இலங்கையிலை காஸ் இல்லாத நாளிலையும் இதே முற்றம், இதே விறகடுப்புத்தான். எப்பிடி மறந்தன்?

ஆரும் வேலையைப் பற்றிக் கேக்கேல்லை. மூண்டு பனையோலைப் பிளா நிறையக் குடிச்சன். வெளிக்கிடேக்கை அன்ரி மிச்சக் கூழைச் சட்டியோடை தந்தா. "நாளைக்குக் கொண்டு வா. வெறுஞ்சட்டியாய்க் கொண்டு வராதை."

சட்டி கழுவியாச்சு. என்னத்தைப் போட்டுக் குடுக்கிறது? வளவிலை கறிவேப்பிலை மட்டும்தான் நிக்குது.