முழங்கால் வலிக்கு இடுப்பைப் பாருங்கள்

முழங்கால் வலிக்கிறது என்று ஒரு குழந்தை வந்தால் முதலில் இடுப்பைப் பாருங்கள். நீலகிரி மலையில் கூடலூர்ப் பக்கம் எலும்பு மருத்துவராக இருக்கும் நான், புதிதாக வரும் மருத்துவர்களிடம் ஓயாமல் சொல்வது இதைத்தான். இடுப்பு மூட்டுக்கும் முழங்காலுக்கும் ஒரே நரம்பின் கிளைகள் போகின்றன. அதனால் மேலே கோளாறு இருக்க, குழந்தை கீழே கை காட்டுகிறது. முழங்காலுக்கு மட்டும் எக்ஸ்ரே எடுத்து, வலி மருந்து கொடுத்து அனுப்பப்பட்ட பிள்ளைகள் மாதக்கணக்கில் நொண்டிவிட்டு வந்து சேரும்போது எனக்கு மனம் ஆறுவதில்லை.

பணியர் பழங்குடிக் குடியிருப்பிலிருந்து ஏழு வயதுப் பேரனைக் கூட்டிவந்த பாட்டியும், "முட்டிதான் டாக்டர், எண்ணெய் தேய்த்தால் தூங்கிவிடுகிறான்" என்றுதான் சொன்னார். முட்டியில் வீக்கமோ சூடோ இல்லை, நன்றாக மடங்கியது. மல்லாக்கப் படுக்கவைத்து, இடுப்பையும் முழங்காலையும் செங்கோணத்தில் மடக்கி, பாதத்தை வெளிப்பக்கமாகத் திருப்பினேன். இடது கால் தாராளமாகத் திரும்பியது. வலது கால் கொஞ்சம் போய் நின்றுவிட்டது. மேலும் திருப்பப் பார்த்தபோது பையனின் இடுப்பே படுக்கையிலிருந்து எழும்பியது. நாடாவால் அளந்தால் வலது தொடை இளைத்திருந்தது. இரண்டு இடுப்பையும் சேர்த்து, நேராக ஒன்றும் தவளைபோல் கால்களை விரித்து ஒன்றுமாக எக்ஸ்ரே எடுத்தோம். வலது தொடை எலும்பின் தலை தட்டையாகி வெளுத்திருந்தது.

இந்த வயதும் இந்தப் படமும் சேர்ந்தால் பெர்தஸ் நோய் என்றுதான் யாருக்கும் தோன்றும். 1910இல் மூன்று நாடுகளின் மருத்துவர்கள் தனித்தனியே விவரித்த நோய் அது. பெரும்பாலும் 4 முதல் 8 வயதுக்குள், பெண்களைவிட ஆண் பிள்ளைகளுக்கே அதிகம் வரும். எலும்புத் தலைக்குப் போகும் இரத்தம் தடைபடும். ஏன் என்று இன்றும் தெளிவாகத் தெரியாது. ஆனால் நீலகிரியில் அந்தப் பெயரோடு நிறுத்திக்கொள்ளக் கூடாது. அரிவாள் செல் இரத்தச்சோகை இந்தியாவில் முதலில் பதிவான இடங்களில் இந்த மலையும் ஒன்று. 1952இலேயே இங்குள்ள பழங்குடி மக்களிடம் அது கண்டறியப்பட்டது. வளைந்துபோன சிவப்பணுக்கள் நுண்ணிய இரத்தக் குழாய்களை அடைத்து, அதே எலும்புத் தலையை அதேபோலச் சாகடிக்கின்றன. எக்ஸ்ரே இரண்டையும் பிரித்துக் காட்டாது, இரத்தப் பரிசோதனைதான் காட்டும். அதை அன்றே எடுத்துவிட வேண்டும் என்பேன். திரும்ப வரச் சொன்னால் வீட்டில் ஒருவருக்கு இன்னொரு நாள் கூலி போகும். பலர் வர மாட்டார்கள்.

பையனுக்கு அரிவாள் செல் நோய் இருந்தது. முடிவைச் சொன்னபோதுதான், அவன் அக்காவும் மழைக்காலத்தில் கைகால் வலியால் அழுவாள் என்று பாட்டி நினைவுகூர்ந்தார். பரம்பரையாக வரும் நோய் என்பதால் அவளையும் வரவழைத்தோம்.

காய்ச்சலோடு காலை ஊன்றவே முடியாமல் வரும் குழந்தையின் கதை வேறு. மூட்டில் சீழ் பிடித்திருந்தால் அன்றே திறந்து கழுவ வேண்டும். தாமதித்தால் குருத்தெலும்பு கரைந்துவிடும். கொஞ்சம் பருமனான, பத்து வயதைத் தாண்டிய பிள்ளை நொண்டினால் எலும்புத் தலை, எலும்பு வளரும் இடமான வளர்ச்சித் தட்டிலிருந்து நழுவியிருக்கலாம். அந்தப் பிள்ளையை எக்ஸ்ரே அறைக்குக்கூட நடக்கவிடக் கூடாது.

நோயின் பெயர் மாறினால் சிகிச்சையும் மாறுகிறது. இடுப்புக்கான உடற்பயிற்சி பெர்தஸ் பிள்ளைக்கும் அரிவாள் செல் பிள்ளைக்கும் உண்டு. ஆனால் அரிவாள் செல் உள்ள பிள்ளைக்கு சிவப்பணுக்கள் வளைவதைக் குறைக்கும் ஹைட்ராக்சியூரியா மாத்திரை தேவைப்படலாம். அறுவை சிகிச்சை என்றால் உடல் குளிராமலும் நீர் வற்றாமலும் பார்த்துக்கொள்ள வேண்டும். இந்த மலைக்குளிரில் அதுவே பெரிய வேலை. பள்ளிக்குக் கொடுக்கும் கடிதத்தில் வெறுமனே 'ஓய்வு' என்று எழுதினால் படிப்பே நின்றுபோகிறது. ஆகவே விரிவாக எழுதுகிறேன்: மெதுவாக நடக்கலாம், ஓடவோ குதிக்கவோ வேண்டாம், தண்ணீர் குடிக்கவும் சிறுநீர் கழிக்கவும் கேட்டபோதெல்லாம் அனுப்புங்கள், மழையில் நனைந்து வந்தால் உடனே உலர்ந்த உடை மாற்றிவிடுங்கள்.