கணவாய்க்கு அப்பால்: நூப்ரா நாட்குறிப்பு

செப்டம்பர் 2, லே (லடாக்)

உடம்பு உயரத்துக்குப் பழகட்டும் என்று இன்று எங்கும் கிளம்பவில்லை. மாலையில் மட்டும் மத்திய ஆசிய அருங்காட்சியகம் வரை நடந்தேன். அது இருக்கும் சாஸ் சோமா தோட்டத்தில்தான் மத்திய ஆசியாவின் யார்க்கந்து நகர வணிகர்கள் வந்து தங்குவார்களாம். அங்கிருந்து பட்டும் கம்பளமும் வந்தன. இங்கிருந்து பருத்தித் துணி, அவுரி, மசாலா போயின. நடுவில் கர்துங் லா, சாசர் லா, காரகோரம் என்று கணவாய்க்கு மேல் கணவாய். செத்து விழுந்த குதிரைகளின் எலும்புகள்தான் வழிகாட்டி. அந்த வணிகர்கள் லடாக்கிப் பெண்களை மணந்து உண்டான ஆர்கோன் குடும்பங்கள் இன்றும் லேயில் இருக்கின்றன. வணிகம்தான் 1950 வாக்கில் நின்றுபோனது.

செப்டம்பர் 4, ஹுண்டர்

கர்துங் லா உச்சியில் டிரைவர் வண்டியை மெதுவாக்கி, "கி கி சோ சோ, ல்ஹா க்யாலோ!" என்று கத்தினார். தேவர்களுக்கு ஜெயம். கணவாயைத் தாண்டும்போது இதைச் சொல்வது லடாக்கிகளின் வழக்கம். மற்றபடி அங்கே பலகை முன்னால் செல்ஃபி எடுக்க அடிதடி. உயரம் 18,380 அடி என்று நெடுங்காலம் பெருமையாக எழுதி வைத்திருந்தார்கள். உண்மையில் 17,582 அடிதான். அதுவே மூச்சு வாங்கப் போதும், 800 அடி எதற்குக் கூட்ட வேண்டுமோ!

கீழே நூப்ரா பள்ளத்தாக்கில், ஹுண்டர் மணல்மேட்டில் இரட்டைத் திமில் ஒட்டகங்கள். சரக்கு சுமந்து வந்த கூட்டத்தின் வாரிசுகள், இப்போது சுற்றுலாப் பயணிகளைச் சுமக்கின்றன.

செப்டம்பர் 5, துர்துக்

ஷியோக் ஆற்றோடு வந்தால் மடாலங்கள் மறைந்து மசூதி தெரிகிறது. ஆட்கள் பால்டிகள், பேச்சு திபெத்திய மொழிக் குடும்பம், தொழுகை இஸ்லாமிய முறை. மொட்டைமாடியெல்லாம் ஆப்ரிகாட் காய்கிறது. பார்லி அறுத்த வயலிலேயே பக்வீட் என்ற தானியத்தைப் போட்டிருக்கிறார்கள். லேயில் ஒரு போகமே பெரிய விஷயம். இறைச்சியும் வெண்ணெயும் கெடாமலிருக்க, பாறைகளை அடுக்கி, சந்து வழியே குளிர்காற்று புகும்படி கட்டிய சிறு அறைகளும் உண்டு. கரண்ட் பில் இல்லாத ஃப்ரிட்ஜ்!

1971 டிசம்பர் வரை இது பாகிஸ்தான் வசம் இருந்த ஊர். போரில் இந்தியப் படை பிடித்தது. அப்போது வேலைக்கோ படிப்புக்கோ ஸ்கர்து, கராச்சி போயிருந்தவர்கள் அங்கேயே நின்றுவிட்டார்கள். நான் தங்கிய வீட்டு அம்மாவின் மாமாவும் அப்படித்தான். "அவர் முகத்தை போனில்தான் முதலில் பார்த்தேன்" என்றார், பக்வீட் அடையைத் தட்டில் வைத்தபடி. 2010-ல்தான் சுற்றுலாப் பயணிகளை உள்ளே விட்டார்கள். வெளியாட்களிடம் இந்தக் கதையை எத்தனை முறை சொல்லியிருப்பாரோ, அப்புறம் நான் எதையும் தோண்டிக் கேட்கவில்லை.

செப்டம்பர் 6, தாங்

எல்லைக்கு இந்தப் பக்கம் கடைசி ஊர். தொலைநோக்கியைக் காசுக்கு வாடகைக்கு விடுகிறார்கள். எதிரே பாகிஸ்தான் பக்கத்து வீடுகள், வயல்கள், அதே ஆப்ரிகாட் மரங்கள். எனக்குக் கூச்சமாக இருந்தது. அடுத்தவர் முற்றத்தை எட்டிப் பார்க்க டிக்கெட் வாங்கிய மாதிரி. அங்கே போய் உறவினரைப் பார்க்க வேண்டுமென்றால் விசா வாங்கி, பஞ்சாப் வரை இறங்கி, அட்டாரி வழியாக எல்லை தாண்டி, மறுபடி மலையேற வேண்டியிருந்தது. அந்த அட்டாரியையும் 2025 ஏப்ரலில் மூடிவிட்டார்கள்.